நீலகிரியில் வீட்டுக்கு சோலார் போடப் போகிறீர்களா? கூரையில் ஏறும் முன் படிக்க

நம் மலையில் சோலார் என்று பேச்செடுத்தால் “இந்தப் பனியில அது எங்க ஓடப் போகுது” என்று ஒருவர் சொல்வார், “கோயம்புத்தூர்ல என் மச்சான் போட்டான், கரண்ட் பில்லே வர்றதில்ல” என்று இன்னொருவர் சொல்வார். இருவர் பேச்சையும் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் உங்கள் கூரையைப் பார்த்து எடுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லாம் ஒரே மாவட்டம்தான், ஆனால் வெயில் கணக்கில் ஒவ்வொன்றும் தனி ஊர். ஏன், ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) மேல் வரிசை வீட்டுக்கு ஏழரை மணிக்கு வரும் வெயில் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒன்பதுக்குத்தான் வரும்.

மலையில் வெயிலே இல்லை என்பது உண்மை இல்லை. சூரியனை ஆராய்வதற்காகவே கொடைக்கானலில் 1899-இல் ஒரு ஆய்வகம் கட்டினார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். தூசி இல்லாத உயரத்தில் வானம் தெளிந்தால் வெயில் கூர்மையாகவே இறங்கும், சனவரி மாதம் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே முகம் கறுத்துப் போனவர்களுக்கு இது தெரியும். கூடவே ஒரு லாபம்: பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பேனலின் வாட் அளவு 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மே மாத மதியம் சமவெளியில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் பதினாலு சதவீதம் அங்கேயே போய்விடும். நமக்கு அந்த இழப்பு அவ்வளவு வராது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை: கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் நாள்கணக்கில் சூரியனையே பார்க்க முடியாது (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது). குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அடிக்கும். இரண்டு, மதியத்துக்கு மேல் ஏறும் மேகமூட்டம். காலையில் பளிச்சென்று இருந்த வானம் இரண்டு மணிக்கு வெள்ளையாக மூடிக்கொள்வது இங்கே பாதி வருடம் நடக்கிற கதை. அதனால் மலை வீட்டு சோலார் என்பது காலை வெயிலை நம்பிப் பிழைக்கிற சோலார். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வையுங்கள், கீழேயிருந்து வரும் கம்பெனிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

முதலில் கரண்ட் பில்

கடந்த ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு வருடம். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிக் கீழ்ப்படிகளின் சலுகையும் போய்விடும். ஆகவே இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவழிக்கிற வீடு என்றால், நேராகச் சொல்கிறேன், பில்லைக் குறைக்கவென்று சோலார் போடாதீர்கள். போட்ட காசு திரும்பி வர மாமாங்கம் ஆகும். 400, 500-க்கு மேல் போகிற வீட்டுக்குத்தான் இது வேலைக்கு ஆகும்.

மலையில் அப்படி யூனிட் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் கீசர். 15 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1.2 யூனிட் ஆகும். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் அதுவே நாளைக்கு 5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300. அப்புறம் ரூம் ஹீட்டர்: 2 கிலோவாட் ஹீட்டரை ராத்திரி மூன்று மணி நேரம் போட்டால் 6 யூனிட். ஆகவே பேனல் வாங்கும் முன் சோலார் வாட்டர் ஹீட்டரை யோசியுங்கள், பல வீடுகளுக்கு அதுவே போதும். ஆனால் ஊட்டி, தலைகுந்தா, காந்தல் போல் உறைபனி விழும் இடத்தில் தட்டையான செப்புக் குழாய் வகையை வாங்காதீர்கள், ராத்திரியில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். கண்ணாடிக் குழாய் வகை வாங்குங்கள்.

கூரையும் நிழலும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வெயில் உள்ள ஒரு நாள் காலை 8, 10, 12, 2, 4 மணிக்குக் கூரையை போனில் படம் எடுங்கள். எங்கே நிழல், அது எதன் நிழல் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை டிசம்பர் அல்லது சனவரியில் செய்தால் நல்லது, அப்போதுதான் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். ஊட்டி 11.4 டிகிரி வடக்கில் இருப்பதால் மே முதல் சூலை வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், ஆனால் அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் மழை, அதனால் குளிர்கால நிழலுக்கே முன்னுரிமை.

நிழலை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும்? பேனல்கள் தொடராக இணைந்திருக்கும். ஒரு சைப்ரஸ் மரத்தின் நுனி நிழல் ஒரு பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு அடங்கிவிடும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் சரியில்லாவிட்டால் வரிசையில் இருக்கும் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நிழலைத் தவிர்க்கவே முடியாத கூரை என்றால் பேனலுக்கு ஒன்றாக வரும் மைக்ரோ இன்வெர்ட்டரையோ ஆப்டிமைசரையோ கேளுங்கள். விலை கூடத்தான் செய்யும்.

“அந்தக் கற்பூர மரத்தை வெட்டிட்டா சரியாப் போச்சு” என்று வேலைக்கு வருகிறவர் சுலபமாகச் சொல்லிவிடுவார். வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். கற்பூர மரமோ சீகையோ சில்வர் ஓக்கோ, முதலில் மனு கொடுங்கள், அனுமதி வந்தால் பாருங்கள், வராவிட்டால் பேனலை வேறு பக்கம் நகர்த்துங்கள்.

திசை விஷயத்தில் “தெற்கு பார்த்துத்தான் வைக்கணும்” என்று எல்லோரும் சொல்வார்கள். சமவெளிக்கு அது சரி. மதியம் மூடிக்கொள்ளும் மலையில் தென்கிழக்கு, ஏன் கிழக்குச் சரிவுகூட நன்றாகவே வேலை செய்யும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் 10, 15 டிகிரி சரிவில் திசை மாறினால் வரும் நஷ்டம் கொஞ்சம்தான். வடக்கே செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை மட்டும் வேண்டாம். மேற்குச் சரிவு ஒன்றுதான் இருக்கிறது, எதிரே மலை வேறு நிற்கிறது என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

உங்கள் இடத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்க்க உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் பிவிஜிஐஎஸ் இரண்டும் இணையத்தில் இலவசம். வரைபடத்தில் உங்கள் வீட்டைத் தொட்டால் மாதவாரியாகக் காட்டும். பிவிஜிஐஎஸ் சுற்றியுள்ள மலை மறைப்பதையும் கணக்கில் எடுக்கும். ஆனால் இரண்டுமே செயற்கைக்கோள் படத்தைச் சில கிலோமீட்டர் சதுரமாகப் பார்த்துச் சொல்பவை, உங்கள் பள்ளத்தில் மட்டும் தேங்கும் மூடுபனி அதற்குத் தெரியாது. வருகிற எண்ணில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

புதிதாகப் போடுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஈபி லைனோடு சேர்ந்து ஓடும், ஆன்கிரிட் என்று சொல்லும் சாதாரண சோலாரில் ஈபி கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அணைந்துகொள்ளும். சூலை காற்றில் மரம் லைன் மேல் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடக்கிற ஊரில், கூரையில் லட்சக்கணக்கில் காசைப் போட்டுவிட்டுக் கீழே மெழுகுவத்தி ஏற்றினால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அதனால் உங்களுக்கு வேண்டியது என்ன என்று முதலிலேயே முடிவெடுங்கள். பில் குறைய வேண்டும், கரண்ட் கட் சமாளிக்க ஏற்கெனவே பேட்டரியோடு ஒரு சின்ன இன்வெர்ட்டர் இருக்கிறது என்றால் ஆன்கிரிட் போதும். இரண்டும் வேண்டும் என்றால் ஹைப்ரிட்: பகலில் ஈபியோடு சேர்ந்து ஓடும், கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து லைட், பிரிட்ஜ், டிவி, வைஃபை மட்டும் ஓடும். 400 வாட் ஐந்து மணி நேரம் ஓட 2 யூனிட் போதும், ஆகவே 5 யூனிட் அளவுள்ள லித்தியம் பேட்டரி ஒன்று தாராளம். கீசரையும் ஹீட்டரையும் பேட்டரி லைனில் இழுக்காதீர்கள்.

மலைக்கு ஒரு எச்சரிக்கை. லித்தியம் பேட்டரி பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏறாது, ஏற்றவும் கூடாது. அதைக் கார் ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி குளிரில் அளவு குறைந்து கொடுக்கும், வாங்கும்போதே கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள்.

ஈபி இணைப்பே கிடைக்காத வீடுகளும் நம் மாவட்டத்தில் உண்டு, கூடலூர் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்தில் (உரிமை யாருக்கு என்று இன்னும் முடிவாகாத பழைய ஜன்மம் நிலம்) இருப்பவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஈபியோடு சேராமல் பேட்டரியை நம்பி ஓடும் ஆஃப்கிரிட்தான் வழி. அதில் மழைக்கால மூன்று மாதத்தை வைத்து பேட்டரியைக் கணக்குப் போட வேண்டும், வருட சராசரியை வைத்துப் போட்டால் ஆடி மாதம் இருட்டில் உட்கார வேண்டியிருக்கும். மத்திய அரசின் மானியமும் கிடைக்காது.

எத்தனை கிலோவாட்?

சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று ஒரு பேச்சுக் கணக்கு உண்டு. நம் மலைக்கு வருட சராசரியாக 3 முதல் 3.5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அதற்கு மேல் வந்தால் லாபம். பிப்ரவரி, மார்ச்சில் 4-ஐத் தாண்டும், சூலையில் பாதிக்கும் கீழே போகும், இரண்டுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் செலவழிக்கும் வீடு என்று வையுங்கள். முதல் 100 எப்படியும் இலவசம், அதை சோலாரில் ஈடுகட்டி என்ன பயன்? மீதி 350, அறுபது நாளுக்கு வகுத்தால் நாளைக்கு ஆறு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 2 கிலோவாட் சரியாக இருக்கும். “மூணு போட்டா மானியம் ஜாஸ்தி சார்” என்பார்கள். கூடுதல் கிலோவாட்டுக்கு நீங்கள் போடும் காசு என்ன, அதில் மிச்சமாகும் யூனிட் என்ன விலை என்று கேளுங்கள். இடம் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும்.

மானியமும் காகிதமும்

வீட்டுக் கூரை சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேட்டரிக்கு இதில் காசு இல்லை. பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் முதல் சோலார் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய வரியைப் போட்டு யாராவது நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

விண்ணப்பம் அந்தத் திட்டத்தின் இணையதளத்தில்தான், மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பதிவு செய்யலாம். பதிவுபெற்ற நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியம் வராது. 10 கிலோவாட் வரை ஈபியின் சாத்தியக்கூறு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஈபியில் வந்து பார்த்து, போவதையும் வருவதையும் தனித்தனியாகக் காட்டும் இருவழி மீட்டர் மாட்டுவார்கள். அப்புறம் மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். “மானியத்தைக் கழிச்சுட்டுக் கொடுங்க, நாங்க வாங்கிக்கறோம்” என்று யாராவது சொன்னால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

நம் ஊரில் இது அடிக்கடி முட்டி நிற்பது பெயரில். வீட்டு ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய் இருபது வருடம் ஆகியிருக்கும். அப்பா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள், ஆதார், வங்கி, ஈபி மூன்றிலும் பெயர் ஒத்துப்போகட்டும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இணைப்பு வணிகமா வீடா என்று பார்த்துக்கொள்ளுங்கள், யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டர் வசதி வீட்டு இணைப்புக்குத்தான்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

இப்போது வரும் 540, 550 வாட் பேனல் ஏழரை அடி நீளம், 28 கிலோ எடை. லாரி நிற்கும் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஐம்பது படி இறங்க வேண்டும் என்றால் அதைத் தலையில் படுக்கவைத்துத் தூக்கி வருவார்கள். விடாதீர்கள். நடக்க நடக்க நடுவில் தொய்ந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் செல்லில் விழும், அதன் பலன் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நிமிர்த்திச் செங்குத்தாகக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூலி கூடும் என்றால் கொடுத்துவிடுங்கள்.

கூரை தகர சீட் என்றால் ரப்பர் வைத்த சிறிய அலுமினிய ரெயில் மாட்டலாம், திருகு போகும் ஒவ்வொரு ஓட்டையையும் மழைக்கு முன் ஒருமுறை தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் துளை போடவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சீட்டை மாற்றிவிட்டுப் போடுங்கள். பழைய மங்களூர் ஓட்டு வீட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டம் எடை தாங்குமா என்று ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மொட்டை மாடியில் உயரமாகக் கால் நட்டு நிறுத்த ஆசை இருந்தால், மலைநகரக் கட்டட விதியில் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பதால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காற்றும் பார்க்க வேண்டும்: உயரம் ஏற ஏற சூலைக் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கும்.

குளிருக்கே உரிய ஒரு கணக்கு உண்டு, இதைச் சமவெளி ஆள் மறந்துவிடுவார். குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். 25 டிகிரியில் 50 வோல்ட் காட்டும் பேனல் பூஜ்ஜியத்தில் ஏறக்குறைய 53.5 வோல்ட் காட்டும். பத்துப் பேனலை ஒரே வரிசையில் (ஸ்ட்ரிங்) கோத்தால் 500 வோல்ட் என்று நினைத்தது உறைபனி விடியலில் 535 ஆகிவிடும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 550 என்றால் தப்பித்தீர்கள், பதினோராவது பேனலைச் சேர்த்திருந்தால் இன்வெர்ட்டர் போய்விடும். “ஜீரோ டிகிரிக்கு ஸ்ட்ரிங் வோல்டேஜ் எவ்வளவு?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

இடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏசி கரண்ட் பக்கத்துக்கு ஒன்று என மூன்று எர்த் குழி தனித்தனியாகத் தோண்ட வேண்டும்; “ஒண்ணுலயே சேர்த்துக்கலாம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குரங்கு. பேனலுக்கு அடியில் தொங்கும் ஒயர் ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தால் போதும், இழுத்துப் பார்க்காமல் விடாது. ஒயர் முழுக்கக் குழாய்க்குள் போக வேண்டும், பேனல் ஓரங்களில் வலை அடிக்க வேண்டும். தோட்டத்தில் தரையில் வைக்க நினைப்பவர்கள் காட்டுமாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள், பந்தலூர் பக்கமானால் யானையையும்.

ஓட ஆரம்பித்த பிறகு

தூசி நமக்குப் பெரிய தொல்லை இல்லை, பாசிதான் தொல்லை. மழை முடிந்ததும் பேனலின் கீழ் ஓரத்தில், அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் சேரும் இடத்தில், நகக்கண் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஒன்று ஓடும். அது மேலே ஏறிக் கடைசி வரிசை செல்லை மூடினால் நிழல் விழுந்த மாதிரிதான். சரிவு 15 டிகிரியாவது இருந்தால் தண்ணீர் தேங்காது, பாசியும் குறையும். துடைக்க மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் போதும், வெயில் ஏறும் முன் செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுபோகாதீர்கள்.

மூடுபனிக் காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டி “இன்சுலேஷன் ஃபால்ட்” என்று நிற்கும், பத்து மணிக்கு வெயில் வந்ததும் தானாக ஓடும். பலர் இதை மலையின் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒயர் இணைப்பு ஏதோ ஒன்றில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் தண்ணீர் ஓடும் இடத்தில் கிடக்கும் இணைப்பாக இருக்கும். மாட்டிய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், மானியத் திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு.

முதல் பில் வந்ததும் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: இன்வெர்ட்டர் ஆப்பில் 400 யூனிட் உற்பத்தி காட்டுகிறது, ஈபி பில்லில் நாம் அனுப்பியது 250 என்று இருக்கிறது, 150 எங்கே போனது? பகலில் உங்கள் வீட்டில் ஓடிய பிரிட்ஜும் மோட்டாரும் கீசரும் நேராக எடுத்துக்கொண்டது மீட்டர் வரைக்கும் போகவே போகாது, அதுதான் அந்த 150. மிஞ்சியது அடுத்த பில்லுக்குப் போகும். ரீடிங் எடுக்க வரும் அன்று மீட்டரில் வந்தது, போனது என்ற இரண்டு எண்ணையும், ஆப்பில் உள்ள மொத்தத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் சந்தேகம் வந்து ஈபி ஆபீஸுக்குப் போனால் முதலில் கேட்பது அந்த ரீடிங்கைத்தான்.